யார் படித்தது இந்தக் கட்டுரையை?

யு.ஜி.சி.யின் 'கேர்' பட்டியல் மூடப்பட்டபின் தமிழ், வரலாறு, சமூகவியல் ஆய்விதழ்களை எடைபோடுவது யார்?

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நேர்காணல் அறைகளில் மேசைமேல் வந்து சேரும் கோப்புகள் தடித்தவை. ஆய்விதழின் அட்டைப் படி, பொருளடக்கத்தின் படி, கட்டுரையின் முதல் பக்கம், அதையடுத்து அந்த இதழின் பெயர் யு.ஜி.சி. பட்டியலில் இருப்பதைக் காட்டும் கணினிப் பக்கத்தின் அச்சு, அதில் அப்பெயர்மீது இழுத்த மஞ்சள் மைக் கோடு என்ற அடுக்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாமல் திரும்ப வருகிறது. குழு உறுப்பினர் ஒருவர் இதழின் எண்ணைப் பார்க்கிறார், இன்னொருவர் மஞ்சள் கோட்டைப் பார்க்கிறார், மூன்றாமவர் கூட்டி மதிப்பெண் போடுகிறார். கட்டுரையின் இரண்டாம் பக்கம் பல கோப்புகளில் இருப்பதே இல்லை, இருக்கும் கோப்புகளிலும் அது திருப்பப்படுவது அரிது.

2025 பிப்ரவரி 11 அன்று அந்த மஞ்சள் கோட்டுக்கு வேலை இல்லாமல் போனது. ஆய்விதழ்களின் தரப் பட்டியலான 'யு.ஜி.சி. கேர்' இனி இல்லை என்றும், எந்த இதழ் தரமானது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. வழிகாட்டுதலாக எட்டுத் தலைப்புகளில் 36 அளவுகோல்களை வெளியிட்டு, பிப்ரவரி 25க்குள் கருத்துச் சொல்லுமாறு கேட்டது. அறிவியல் துறைகளுக்கு இந்த அறிவிப்பால் பெரிய நட்டமில்லை, ஏனெனில் அவற்றுக்கு 'ஸ்கோபஸ்', 'வெப் ஆஃப் சயின்ஸ்' என்ற பன்னாட்டுத் தரவுத்தளங்கள் இருக்கின்றன. தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், சமூகவியல் போன்ற துறைகளில், குறிப்பாக இந்திய மொழிகளில் எழுதுவோருக்கு, கேர் பட்டியல்தான் நுழைவாயிலாக இருந்தது. அந்த வாயிலின் வழியாகக் கள்ளச் சரக்கும் நிறைய நுழைந்தது என்பதும் உண்மை.

பட்டியல்கள் பிறந்த கதை

ஆய்விதழ் என்பது, தனக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் அத்துறை அறிந்த வேறு சிலரிடம் அனுப்பி, அவர்கள் படித்துக் குறை சொல்லி, எழுதியவர் திருத்தி, அதன்பின்னரே அச்சேற்றும் பருவ வெளியீடு. இந்தப் படிப்புக்கு 'துறைசார் மதிப்பீடு' என்று பெயர். எழுதியவர் யார் என்பது படிப்பவருக்கும், படித்தவர் யார் என்பது எழுதியவருக்கும் தெரியாமல் நடந்தால் அது 'இருபுற மறைவு மதிப்பீடு' எனப்படும், மானிடவியல் புலங்களில் பெரிதும் வழங்குவது இதுவே.

யு.ஜி.சி. 2009 ஜூலையில் கொண்டுவந்த விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இத்தகைய இதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது. மறுஆண்டு வந்த இன்னொரு விதிமுறை, ஆசிரியர்களின் நியமனத்தையும் பதவி உயர்வையும் 'ஏ.பி.ஐ.' என்ற மதிப்பெண் முறையோடு கட்டிப்போட்டு, மதிப்பீட்டு முறையுள்ள இதழில் வரும் கட்டுரைக்கு 15 மதிப்பெண்ணும், மதிப்பீடு இல்லாவிட்டாலும் ஐ.எஸ்.எஸ்.என். அல்லது ஐ.எஸ்.பி.என். எண் உள்ள நல்ல இதழில் வந்தால் 10 மதிப்பெண்ணும் தந்தது. மதிப்பெண் பிறந்த இடத்தில் சந்தையும் பிறந்தது. சில ஆயிரம் ரூபாய் கட்டணம், மூன்று நாளில் ஏற்பு, ஒரு வாரத்தில் வெளியீடு என்று அழைக்கும் மின்னஞ்சல்கள் ஒவ்வொரு ஆய்வு மாணவரின் பெட்டியிலும் குவிந்தன. மதிப்பீடே செய்யாமல் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் இத்தகைய இதழ்களை அமெரிக்கக் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் 'இரைதேடும் இதழ்கள்' என்று பெயரிட்டுப் பட்டியலிட்டார். சென்யு ஷென், போ-கிறிஸ்டர் பியோர்க் ஆகிய இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2014இல் மட்டும் இவ்வகை இதழ்களில் ஏறத்தாழ 4,20,000 கட்டுரைகள் வந்தன. எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தியர்.

2017 ஜனவரியில் யு.ஜி.சி. 38,653 இதழ்கள் கொண்ட அங்கீகாரப் பட்டியலை வெளியிட்டது. களையை அடையாளம் காட்டப் போட்ட பட்டியலில் களையே மிகுந்திருந்ததால், 2018 மே 2 அன்று 4,305 இதழ்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 28இல் கேர் அமைப்பு அறிவிக்கப்பட்டு, புனே சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தில் அதன் பிரிவு இயங்கத் தொடங்கி, 2019 நடுப்பகுதியில் புதிய பட்டியல் வந்தது. ஆறாண்டுகூட நிறையாமல் அதுவும் போயிற்று.

▣ பெட்டிச் செய்தி: 1,009 இதழ்களின் சாதகம்

பூஷண் பட்வர்தன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் இடம்பெற்ற இதழ்களிலிருந்து 1,009 இதழ்களை எடுத்துச் சோதித்து, முடிவுகளை 2018இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். அவற்றில் 34.5 சதவீதம், முகவரி, இணையதளம், ஆசிரியர் பெயர் ஆகிய அடிப்படைத் தகவல்களையே சரியாகத் தராதவை. மேலும் 52.3 சதவீதம், தவறான ஐ.எஸ்.எஸ்.என்., பொய்யான தாக்கக் காரணி, தகுதியற்ற ஆசிரியர் குழு என்ற குற்றங்களில் ஏதேனும் ஒன்றில் சிக்கியவை. இவற்றைப் பரிந்துரைத்தவை நாட்டின் பல்கலைக்கழகங்கள். இதழ்களின் தரத்தை முடிவு செய்யும் பொறுப்பு இப்போது மீண்டும் அவற்றிடமே வந்திருக்கிறது.

எட்டு இலக்கத்தின் கணக்கு

இதழின் தரத்துக்குச் சான்றாகக் கோப்புகளில் முதலில் காட்டப்படுவது ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் எட்டு இலக்க எண். 1970களில் பன்னாட்டு ஏற்பாடாக வந்த இந்த எண், ஒரே பெயரில் பல இதழ்கள் வரும்போது நூலகர்கள் குழம்பாமல் இருப்பதற்காக உண்டாக்கப்பட்டது. இந்தியாவில் இதைப் புதுதில்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது. மும்பையிலிருந்து வரும் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி' இதழின் எண்ணை எடுத்துக்கொண்டால் அது 0012-9976. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 93 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 5. பதினொன்றில் ஐந்து போக 6, அதுவே கடைசி இலக்கம். எண்ணைத் தட்டச்சிடும்போது பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை இலக்கம் அது, அவ்வளவுதான். எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று இந்தக் கணக்கு சொல்லும். உள்ளே இருக்கும் கட்டுரையை யாரேனும் படித்தார்களா என்பதைச் சொல்லாது. சோதிடப் பத்திரிகைக்கும் இந்த எண் கிடைக்கும், கிடைப்பதில் தவறும் இல்லை. கதவிலக்கம் இருப்பதாலேயே வீட்டுக்காரரை நல்லவர் என்று நம்பிக் கடன் கொடுப்பாரில்லை. ஆனால் இந்த எண்ணை நம்பி ஆயிரக்கணக்கான மதிப்பெண்கள் போடப்பட்டிருக்கின்றன.

கேர் பட்டியல் வந்தபின் மோசடி இன்னும் நுட்பமானது. பழைமையான மானிடவியல் இதழ்கள் பல அச்சில் மட்டும் வருபவை, இணையதளம் இல்லாதவை. ஆண்டுக்கு இரண்டு முறை, தாமதமாக, குறைந்த படிகளில் வருபவை. அந்த வெற்றிடத்தைக் கண்டுகொண்டவர்கள், பட்டியலில் இருந்த இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து, புதிய இணையதளம் ஒன்றைத் திறந்து, பணம் வாங்கிக் கட்டுரை போட்டார்கள். உண்மையான இதழின் ஆசிரியருக்கே தெரியாமல் அதன் பெயரில் மாதந்தோறும் கட்டுரைகள் வெளிவந்தன; இத்தகைய நகல் இதழ்களைப் பற்றிக் கேர் அமைப்பே எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. பணம் கொடுத்தவர்களில் ஏமாற்றத் துணிந்தவர்களும் இருந்தார்கள், உண்மையிலேயே ஏமாந்தவர்களும் இருந்தார்கள். வைவா தேதி நெருங்கும் ஆய்வு மாணவருக்கு, பட்டியலில் பெயரும் எண்ணும் பொருந்தியிருக்கும்போது சந்தேகம் எழ வாய்ப்பு குறைவு, கைடுக்கும் அப்படியே.

சிந்தாமணிக்கு எத்தனை மதிப்பெண்?

2018 ஜூலையில் வந்த யு.ஜி.சி. விதிமுறையின் இணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. மொழி, மானிடவியல், சமூக அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். இதழுக்குத் தாக்கக் காரணி இருந்தால் அதன் அளவுக்கேற்ப மேலும் கூடும். நூல் ஒன்றைப் பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்டால் 12, தேசியப் பதிப்பகம் வெளியிட்டால் 10; தொகுப்பு நூலில் ஓர் இயல் எழுதினால் 5; முழு நூலை மொழிபெயர்த்தால் 8. இணைப் பேராசிரியர் ஆக 7 கட்டுரைகளும் 75 மதிப்பெண்ணும், பேராசிரியர் ஆக 10 கட்டுரைகளும் 120 மதிப்பெண்ணும் வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபின் சீவக சிந்தாமணியின் ஏடுகளைத் தேடத் தொடங்கி, பாடங்களை ஒப்பிட்டு, சமண சமயத்தவரிடம் பொருள் கேட்டறிந்து, 1887இல் அதைப் பதிப்பித்தார். ஏழாண்டு உழைப்பான அந்தப் பதிப்பை இந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தால், அதை நூலாக்கம் என்று கொள்ளும் குழு 10 மதிப்பெண் தரும். தொகுப்பாசிரியர் என்ற வரிசையில் வைக்கும் குழு 8 மதிப்பெண்தான் தரும். அதே ஏழாண்டில் ஆண்டுக்கு ஒரு கட்டுரை வீதம் ஏழு கட்டுரை எழுதியவருக்கு 70. ஐயர் இணைப் பேராசிரியர் பதவிக்குத் தகுதி பெறமாட்டார்.

இந்த ஒப்பீட்டை வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் மானிடவியலின் தலையாய வேலைகள் பலவும் இத்தகையவை. கல்வெட்டுப் படிகளைத் தொகுத்து வாசிப்பது, வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதி செய்வது, ஒரு கிராமத்தில் ஓராண்டு தங்கிக் களஆய்வு செய்வது, சுவடிகளுக்கு விளக்க அட்டவணை எழுதுவது ஆகிய எதுவும் ஐந்தாறு பக்கக் கட்டுரையாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிவரக்கூடியதன்று. மதிப்பெண் அட்டவணை கேட்பது கட்டுரையை. ஆகவே ஒரே ஆய்வேடு ஏழாகக் கூறுபோடப்படுகிறது, ஒரு புதினத்தில் பெண் பாத்திரங்கள், அதே புதினத்தில் உவமைகள், அதே புதினத்தில் வட்டார வழக்கு என்று தலைப்புகள் பிறக்கின்றன. இந்தத் தலைப்புகளைப் பார்த்துத் தமிழ்த் துறைகளை எள்ளி நகையாடுவோர் அட்டவணையைப் பார்ப்பதில்லை.

தாக்கக் காரணி என்பதையும் இங்கே விளக்கியாக வேண்டும். ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 40 கட்டுரைகளை வெளியிட்டு, அடுத்த ஆண்டில் அக்கட்டுரைகள் பிற ஆய்வாளர்களால் 20 முறை மேற்கோள் காட்டப்பட்டால் அதன் தாக்கக் காரணி 0.5. யூஜின் கார்ஃபீல்டு நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காக வளர்த்தெடுத்த இந்தக் கணக்கில் இரண்டு ஆண்டுதான் வாய்ப்பு. மருத்துவ ஆய்வுக்கு அது பொருந்தலாம், ஏனெனில் அங்கே மூன்றாண்டுப் பழைய முடிவு பழையதாகிவிடும். சங்க இலக்கியத்தின் காலம் பற்றியோ சோழர் கால நிலவுடைமை பற்றியோ எழுதப்பட்ட கட்டுரை ஆய்வாளர் கைக்குப் போய்ச் சேர்ந்து, விவாதிக்கப்பட்டு, இன்னொரு நூலின் அடிக்குறிப்பில் ஏறுவதற்குள் பத்தாண்டு ஓடிவிடும். கலை, மானிடவியல் மேற்கோள் அட்டவணையில் உள்ள இதழ்களுக்கு இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தருவதை அதை வழங்கும் நிறுவனம் 2023இல்தான் தொடங்கியது. அதற்குள்ளாகவே இந்தியாவில் தமிழ், வணிகவியல், உடற்கல்வி மூன்றையும் ஒரே இதழில் அச்சிடும் வெளியீடுகள் தம் அட்டையில் 5, 6 என்று தாக்கக் காரணியைப் பொறித்துக்கொண்டன. அவற்றைக் கணக்கிட்டுச் சான்றிதழ் தருவதற்கென்றே தனித் தொழில் நடந்தது.

ரோமன் எழுத்தில் துணைநூற்பட்டியல்

கேர் பட்டியல் போனபின் எளிதான மாற்று ஒன்று பல்கலைக்கழகங்களின் கண்முன் இருக்கிறது: ஸ்கோபஸில் இருந்தால் ஏற்போம், இல்லாவிட்டால் இல்லை என்று விதி செய்துவிடுவது. நிர்வாகத்துக்கு இதைவிட வசதி கிடையாது, யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்கோபஸில் ஓர் இதழ் சேர வேண்டுமென்றால், கட்டுரை எந்த மொழியில் இருந்தாலும் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், துணைநூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். தொல்காப்பிய உரை ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதும் ஆய்வாளர், இளம்பூரணரையும் சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் அவர்களின் பல்வேறு பதிப்புகளையும் ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதித்தான் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பயன்படுத்தப்போகிறவர்கள் தமிழ் எழுத்தில் நூலகத்தில் தேடப்போகிறவர்கள்.

மேற்கோள் கணக்குகளை அளவுகோலாக்குவதன் தீங்குகளை எச்சரித்து 2015இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த லெய்டன் அறிக்கை, தன் பத்து நெறிகளில் மூன்றாவதாக, வட்டாரம் சார்ந்த ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்று சொன்னது. ஆங்கில இதழ்களின் பட்டியலை மட்டும் அளவுகோலாக வைத்தால் எந்த ஆய்வு முதலில் நின்றுபோகும் என்பதைத் தமிழ்நாட்டில் ஊகிப்பது கடினமன்று: தாமிரபரணிக் கரையின் கதைப்பாடல்கள், கொங்குப் பகுதியின் காணியாட்சிப் பட்டயங்கள், கடலோர மக்களின் தொழில் சொற்கள் ஆகியவை ஆங்கில இதழுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலக் கோட்பாடு ஒன்றின் எடுத்துக்காட்டாக மாற வேண்டும். அப்படி மாறிச் சிறந்த கட்டுரைகளும் உண்டு, மறுப்பதற்கில்லை. எல்லாமே அப்படி மாற வேண்டும் என்று விதி செய்தால், சொல்லையும் பாடலையும் பட்டயத்தையும் முதலில் திரட்டித் தருவதற்கு ஆள் இருக்கமாட்டார்.

சந்தா யாருக்கு, செலவு யாருக்கு

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25இல் ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. அரசுக் கலைக்கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், முன்பு சென்னைக்கோ தில்லிக்கோ போய்ப் படித்த இதழைத் தன் அறையிலிருந்தே படிக்க முடிவது பெரிய மாற்றம், அதை மனமார வரவேற்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் உயர்கல்வி பயில்வோரில் பெரும்பகுதியினர் அரசு நிர்வாகத்துக்கு வெளியே உள்ள கல்லூரிகளில் இருக்கிறார்கள்; திட்டத்தின் வாயில் இப்போதைக்கு அவர்களுக்குத் திறக்கவில்லை. அத்துடன், 6,000 கோடியும் பன்னாட்டு இதழ்களை வாசிப்பதற்குத்தான். இந்திய மொழிகளில் ஓர் இதழை நடத்துவதற்கு இத்தொகையில் பங்கு இல்லை.

பன்னாட்டுப் பதிப்பகங்களின் பிடி எல்லாத் துறைகளிலும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கனடாவின் வின்சென்ட் லாரிவியேரும் அவருடைய குழுவினரும் 2015இல் காட்டினார்கள். சமூக அறிவியலின் சில துறைகளில் 70 சதவீதக் கட்டுரைகள் ஐந்தே பதிப்பகங்களின் கையில் இருந்தன. மானிடவியலில் அந்தப் பங்கு 20 சதவீதம் மட்டுமே. சிறு சங்கங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் நட்டத்தில் நடத்தும் இதழ்களில்தான் மானிடவியல் இன்னும் வாழ்கிறது. நம் ஊரில் மட்டுமன்று, உலகெங்கும் இதுவே நிலை.

பெரிய பதிப்பகத்தோடு முரண்பட்டு வெளியேறியவர்களும் உண்டு. மொழியியலில் புகழ்பெற்ற 'லிங்குவா' இதழின் ஆசிரியர்கள் அறுவரும் ஆசிரியர் குழுவினர் அனைவரும் 2015இல் பதிப்பகத்தின் கட்டணக் கொள்கையை எதிர்த்து ஒட்டுமொத்தமாக விலகி, 'குளோசா' என்ற புதிய இதழைத் திறந்த அணுகலில், அதாவது யாரும் காசின்றிப் படிக்கும் வகையில், தொடங்கினார்கள். பிரேசில் அதற்கும் முன்பே இன்னும் பெரிய வேலை செய்திருந்தது: 1997இல் பத்து பிரேசிலிய இதழ்களோடு சோதனையாகத் தொடங்கிய 'சியேலோ' தளம், பொதுப் பணத்தில் நடந்து, போர்த்துகீசிய, ஸ்பானிய மொழி இதழ்களை இணையத்தில் ஏற்றி, தனக்கென்று மேற்கோள் கணக்கையும் தர வரையறையையும் வளர்த்துக்கொண்டு, லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியது. ஓர் இதழை இணையத்தில் நடத்துவதற்கான 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' என்ற மென்பொருள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இலவசமாகவே கிடைக்கிறது. தமிழில் இதழ்களுக்குக் குறைவாக இருப்பது மென்பொருள் அன்று, படிப்பவர்களின் நேரம்; மதிப்பீட்டாளர் ஒரு கட்டுரையோடு இரண்டு நாள் போராடிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினாலும் 2018ஆம் ஆண்டு அட்டவணையில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

இதழ் என்பது ஒரு கூட்டம்

பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திவந்த நா. வானமாமலை 1969இல் 'ஆராய்ச்சி' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் அவரிடம் இல்லை. நெல்லை ஆய்வுக் குழுவின் கூட்டங்களில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டு, கேள்விகளால் துளைக்கப்பட்டு, திருத்தப்பட்டு இதழுக்குப் போயின. நாட்டார் வழக்காறும் சமூக வரலாறும் தமிழில் தனித் துறைகளாக நிலைபெற்றதில் அந்த இதழின் பங்கு பெரியது. துறைசார் மதிப்பீடு என்ற சொல்லை யாரும் பெரிதாகப் பேசாத காலத்தில் நடந்த துறைசார் மதிப்பீடு அது, மறைவில்லாமல், நேருக்கு நேர். சேவியர் தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' ஆங்கிலக் காலாண்டிதழும் இதே வகைதான்; அதைச் சுற்றி உருவான அறிஞர் கூட்டத்திலிருந்துதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் பிறந்தது.

சமூக அறிவியலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மும்பை வார இதழான 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி'யில் நடந்த உற்பத்தி முறை விவாதம். பஞ்சாபின் பெருவிவசாயிகளைப் பற்றி அசோக் ருத்ராவும் மற்றவர்களும் எழுதியதற்கு உத்சா பட்நாயக் மறுப்பு எழுத, இந்திய வேளாண்மை முதலாளித்துவம் ஆகிவிட்டதா, அரை நிலவுடைமையாகவே நிற்கிறதா என்ற அந்த வழக்கு 1970கள் நெடுகப் பல நாட்டு அறிஞர்களை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு கட்டுரையின் மதிப்பு அதற்கு எழுந்த மறுப்பில் தெரிந்தது. இன்றைய கட்டணக் கட்டுரைகளின் உண்மையான அவலம் அவற்றின் பிழைகளில் இல்லை. அப்பிழைகளைச் சுட்டி ஒருவர்கூட எழுதாததில் இருக்கிறது, ஏனெனில் எழுதியவரின் கோப்புக்கு வெளியே அவை எங்கும் இல்லை.

மதிப்பீட்டு முறையும் குற்றமற்றதன்று. அமெரிக்க இயற்பியலாளர் ஆலன் சோகல் 1996இல் வேண்டுமென்றே பொருளற்ற கட்டுரை ஒன்றை எழுதி 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற பண்பாட்டு ஆய்விதழுக்கு அனுப்ப, வெளிமதிப்பீடு செய்யாத அந்த இதழ் அதை அச்சிட்டது. பெயர் பெற்ற ஆசிரியர் குழுவும் படிக்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

▣ பெட்டிச் செய்தி: கட்டுரை அனுப்பும் முன்

இதழின் கடந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளை எடுத்து, ஒரே இதழில் மொழியியலும் கால்நடை மருத்துவமும் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள பேராசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று தேடலாம்; சந்தேகம் தீரவில்லை என்றால் அவருக்கே எழுதிக் கேட்கலாம். கட்டுரை அனுப்பிய நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடைவெளி சில நாள்தான் என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். திறந்த அணுகல் இதழ் என்றால், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2003இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. அடைவில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். அச்சிதழ் என்றால், நூலகத்தில் இருக்கும் பழைய இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால் நகல் இணையதளத்தின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

36 அளவுகோலும் ஒரு கேள்வியும்

யு.ஜி.சி. தந்த 36 அளவுகோல்களில் தவறான ஒன்றைக் காட்டுவது கடினம். ஆசிரியர் குழுவின் விவரம், மதிப்பீட்டுக் கொள்கை, ஆய்வு நெறி, கட்டணம் பற்றிய வெளிப்படைத்தன்மை என்று கேட்க வேண்டியவற்றைத்தான் கேட்கின்றன. சிக்கல் அவற்றின் இயல்பில் இருக்கிறது: அவற்றில் பெரும்பாலானவை கட்டுரையைத் திறக்காமலே சரிபார்க்கக் கூடியவை, ஆகவே கட்டுரையைத் திறக்காமலே போலியாகச் செய்யவும் கூடியவை. இணையதளத்தில் நெறிமுறை அறிக்கை ஒன்றை ஒட்டிவைக்க அரை மணி நேரம் போதும்.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையில் ஏற்கனவே நீங்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், பல வைத்துக்கொண்டிருக்கின்றன. 2025 ஜனவரி 6இல் வெளியான ஆசிரியர் நியமன வரைவு விதிகள் மதிப்பெண் அட்டவணையை விட்டுவிட்டு, 'குறிப்பிடத்தக்க பங்களிப்பு' என்ற பெயரில் ஒன்பது வகைகளை முன்வைத்தன; இந்திய மொழிகளில் கற்பித்தல் பங்களிப்பும் அவற்றில் உண்டு. துணைவேந்தர் தேடல் குழு பற்றிய பிரிவுகளால் அந்த வரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் ஜனவரி 9இல் தீர்மானம் போட்டு எதிர்த்தது, அந்த அரசியல் ஆரவாரத்தில் கட்டுரைக் கணக்கைப் பற்றிய பகுதி ஏறக்குறைய யார் கண்ணிலும் படவில்லை. எண்ணிக்கையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லை வைத்தால், அதை யார் குறிப்பிடுவது என்ற கேள்வி எழும். படிக்காத குழுவின் கையில் அந்தச் சொல் சிபாரிசுக்குத்தான் வழி திறக்கும். எண்ணுவதில் குறைந்தபட்சம் ஒரு கறார்த்தன்மையாவது இருந்தது என்று இடஒதுக்கீட்டின் வழியே முதல் தலைமுறையாகப் பணிக்கு வந்த ஆசிரியர்கள் அஞ்சினால், அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

ஆகவே குழுக்கள் படிப்பதும், படித்ததற்குச் சான்று வைப்பதும்தான் வழி. விண்ணப்பதாரர் தம் கட்டுரைகளில் சிறந்தவை என்று தாமே கருதும் மூன்றை முழுமையாக அனுப்பட்டும். அவை நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பே, பெயர் மறைத்து, துறை அறிந்த இருவரிடம் போகட்டும். அவர்கள் எழுதும் அரைப் பக்கக் குறிப்பு கோப்பில் சேர்ந்து, தேர்வு பெறாதவர் கேட்டால் அவருக்கும் காட்டப்படட்டும். ஆசிரியர் பற்றாக்குறையும் நேரமின்மையும் தடை என்று சொல்லப்படும். 36 அளவுகோல்களை ஒவ்வோர் இதழுக்கும் நிரப்பும் குழுவுக்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் குறைவு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களும் துறைத்தலைவர்களும் புதிய பட்டியல் ஒன்றைத் தயாரிக்கக் குழு அமைக்கும் முன், அடுத்த நேர்காணல் அறிவிப்பிலேயே ஒரு வரியை மாற்ற வேண்டும்: கட்டுரையின் முதல் பக்கப் படி என்றிருக்கும் இடத்தில், முழுக் கட்டுரை என்று கேட்க வேண்டும்.